காலண்டரில் தங்கம் வந்தது எப்படி?

குட்டீஸ், தென்காசி பக்கம் அச்சன்புதூரில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். கீழே கடையின் பெயர் தங்க நிறத்தில் தகதகவென மின்னுகிறது. அதை வடிவமைத்தது கம்ப்யூட்டரில்தான். ஆனால், கம்ப்யூட்டர் திரையில் இந்த மினுமினுப்பு தெரியவே தெரியாது! பிறகு எங்கிருந்து வந்தது?

விடை தெரிய சிவகாசிக்குப் போக வேண்டும். தென்காசியில் ரயில் ஏறினால் கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து சிவகாசி! 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. இங்கே ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டு காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும்.

நான்கு மை மாயம்

வண்ணப் படங்களை அச்சிட நான்கு மைகள் போதும். சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவை பொடிப்பொடிப் புள்ளிகளாக விழும். நம் கண்தான் அவற்றைக் கலந்து பச்சை, ஊதா என்று பார்க்கிறது.

ஆனால், தங்கம் மட்டும் இந்த நான்கில் கிடைக்காது. கலந்து பார்த்தால் கடுகு மஞ்சள்தான் வரும். தங்க மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகப் பொடி இருக்கிறது. வெள்ளி மையில் அலுமினியப் பொடி! இப்படி ஐந்தாவதாகச் சேரும் தனி மைக்கு 'ஸ்பாட் கலர்' என்று பெயர்.

பளீர் ஆரஞ்சு, கம்பெனிச் சின்னத்தின் சிவப்பு ஆகியவற்றுக்கும் தனி மை உண்டு. 1963இல் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் இத்தகைய மைகளுக்கு எண் கொடுத்து, எந்த மையை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு போல அட்டை வெளியிட்டது. எண்ணைச் சொன்னால் போதும், எந்த ஊரிலும் அதே நிறத்தைக் கலக்கலாம்.

மயிரிழையில் ஆபத்து

தனி மைக்குத் தனி பிளேட் வேண்டும். அதற்காக டிசைனர், மை விழ வேண்டிய இடம் கறுப்பு, வேண்டாத இடம் வெள்ளை என்று தனியாக ஒரு படம் செய்கிறார். அதே மையை ஓரிடத்தில் 'தங்கம்' என்றும் இன்னோரிடத்தில் 'கோல்டு' என்றும் பெயரிட்டால், கம்ப்யூட்டர் இரண்டு மை என்று நினைத்து இரண்டு பிளேட்டுக்குப் பிரித்துவிடும்!

இன்னொரு சிக்கல். பெரும்பாலான மைகள் வண்ணக் கண்ணாடித்தாள் போன்றவை. சிவப்பு எழுத்தின் அடியில் நீலம் இருந்தால் நிறம் கெட்டுவிடும். அதனால் அடியில் உள்ள நீலத்தில் எழுத்து வடிவத்தை வெட்டி வெள்ளையாக விடுவார்கள். அச்சமாகும்போது தாள் துளி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுமே? எனவே இரண்டு நிறமும் மயிரிழை அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைப்பார்கள்.

திரையில் தப்பு செய்தால் அழித்துவிடலாம். ஆயிரம் தாளில் விழுந்த மையை அழிக்க முடியுமா? எல்லாம் குப்பைதான். அதனால்தான் பிளேட் போடுமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பூதக்கண்ணாடியால் காலண்டர் படத்தைப் பாருங்கள். புள்ளிகள் தெரியும். தங்க எழுத்தைப் பாருங்கள். புள்ளி இல்லாமல் ஒரே பரப்பாக இருந்தால், அது தனி மை. பிஸ்கட் உறை, தீப்பெட்டி என்று தேடுங்கள். எத்தனை கண்டுபிடித்தீர்கள்?