கேட்பவரும் சொல்பவரும்

சவர்க்காரம் ஒன்றைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனம், அதனை எத்தனை பேர் வாங்கினர் என்பதைக் கணக்கேட்டிலிருந்தே அறிந்துகொள்ளலாம். ஏன் வாங்கினர், ஏன் ஒதுக்கினர் என்பதைக் கணக்கேடு சொல்லாது. அதனை மக்களின் வாய்மொழியாகவே கேட்டறிதல் வேண்டும். இவ்வாறு எண்ணிக்கையை விடுத்துக் காரணத்தைத் தேடும் முறையைப் பண்புசார் ஆய்வு என்பர்.

இம்முறை வளர்ந்ததில் வானொலிக்கும் பங்குண்டு. 1941ஆம் ஆண்டில், நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் போல் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் அறிஞர், நேயர் சிலரை ஓர் அறையில் அமர்த்தி வானொலி நிகழ்ச்சியைக் கேட்கச் செய்தார். பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அவர்கள் அழுத்தினர். பொத்தான் விருப்பைக் காட்டிற்று, காரணத்தைக் காட்டவில்லை. அக்காரணத்தை உரையாடி அறியும் வழியை வகுத்தவர் ரொபேட் மேர்ட்டன்.

இன்று அவ்வறையின் இடத்தைக் கைத்தொலைபேசி பெற்றுள்ளது. கண்டி நகரில் ஒருவர், கம்பளையில் ஒருவர், தோட்ட லயத்தில் ஒருவர் என இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாக உரையாடுகின்றனர். பயணமும் செலவும் குறைந்தன. ஆயினும் முகம் பார்த்துப் பேசுகையில் பிறக்கும் நம்பிக்கை இங்கே தானாக வருவதில்லை. அதனைத் தேடி ஈட்ட வேண்டியிருக்கிறது.

அதற்கு நல்ல முன்மாதிரி கண்டிக்கு அண்மையிலேயே உண்டு. 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் நிகழ்ச்சியாளர்கள், கிராமங்களில் தங்கி மக்களோடு பழகி, அவர்களுடைய குரலையே ஒலிப்பதிவு செய்தனர். அவ்வழியில் எழுந்த கொத்மலைச் சமூக வானொலியில், 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத் திட்டம் ஒன்று நடைபெற்றது. நேயர் தமக்கு வேண்டியதைக் கேட்டனர். நிலையத்தார் இணையத்தில் தேடி, கிடைத்ததை மக்கள் மொழியில் விளக்கி ஒலிபரப்பினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. கேட்டவருக்கு விடை கிடைத்தமையே அத்திட்டத்தின் உயிர்நாடி.

சந்தை ஆய்வாளர் மறக்கலாகாத பாடம் இதுவே. பங்குபற்றுவோர் விடைகளை அள்ளிச் செல்வதற்கான சுரங்கம் அல்லர். அதிலும் மலையகத் தோட்ட மக்களுக்குப் படிவமும் பதிவும் புதியன அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் வந்த காலங்களில், ஒரு தாளில் எழுதப்பட்ட சொல் குடும்பம் எந்நாட்டில் வாழும் என்பதையே முடிவு செய்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள், “இதை எதற்குக் கேட்கிறீர்கள்?” என்று வினவினால், அது அறியாமை அன்று, பட்டறிவு.

ஆகவே ஆய்வின் நோக்கம் யாது, யாருக்காக நடத்தப்படுகிறது, பெயரும் குரலும் எங்கே வைக்கப்படும் என்பவற்றை முதலிலேயே தெளிவாகக் கூறி, இசைவு பெறுதல் வேண்டும். விரும்பாதவர் இடையில் விலகவும் உரிமை உண்டு என்பதையும் சொல்லுதல் நன்று. இலங்கையில் 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மக்களின் விபரங்களைப் பொறுப்புடன் கையாள்வதையே வலியுறுத்துகின்றது.

அடுத்தது காலமும் மொழியும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பி, அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு மாலை ஆறு மணி ஓய்வு நேரம் அன்று. எசல பெரஹரா நாட்களில் கண்டி நகரக் கடைக்காரருக்கும் பேச நேரமிராது. ஒரே தொலைபேசியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் வீட்டில், மருமகள் மாமியார் முன்னிலையில் மனந்திறந்து பேசுவாள் என எதிர்பார்த்தலும் தகாது. தமிழில் பேசுபவரிடம் தமிழிலும், சிங்களத்தில் பேசுபவரிடம் சிங்களத்திலும் கேட்பதே முறை.

வினாவும் வாழ்க்கையோடு ஒட்டியிருத்தல் வேண்டும். தோட்டத்திலிருந்தே தேயிலைத்தூள் பெறும் குடும்பத்தாரிடம், “எந்தத் தேயிலையை விரும்பி வாங்குகிறீர்கள்?” என்றால் மௌனமே விடையாகும். “நேற்று மாலை தேநீரை எப்படித் தயாரித்தீர்கள்?” என்று கேட்டால், இஞ்சி முதல் சீனியின் விலை வரை செய்தி பெருகும். குழுவில் வாய் திறவாதவர் கருத்தற்றவர் என்று கொள்ளலாகாது. அவரிடம் தனியே கேட்கப் பலவுண்டு.

இறுதியாக ஒன்று. செலவிட்ட நேரத்துக்கு உரிய கொடுப்பனவை வழங்குவதோடு ஆய்வாளரின் கடன் தீர்ந்துவிடாது. மக்கள் கூறியவற்றால் எது மாறிற்று, எது மாறவில்லை என்பதை அவர்களிடமே திரும்பிவந்து உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைப்பவருக்கு அடுத்த முறையும் கதவு திறந்திருக்கும்.