கத்தியைத் தின்னும் மேடை

சராசரித் தமிழ் அடுக்களையில் கத்தி இரண்டுக்குக் குறையாது. ஒன்று வெட்டாது. இன்னொன்று, முதல் கத்தி வெட்டாதபோது எடுத்துப் பார்த்து, அதுவும் வெட்டாது என்று தெரிந்துகொள்வதற்காக இருப்பது. கத்தரிக்காய், புடலங்காய் வரை எப்படியோ ஒப்பேற்றிவிடும். தக்காளி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். தோலில் வழுக்கும், அழுத்தினால் நசுங்கும், விதையும் சாறும் மேடையெல்லாம் ஓடும். வெட்டி முடித்ததும் "இந்தக் கத்தியைத் தீட்டணும்" என்று வாய் முணுமுணுக்கும். அடுத்த தக்காளி வரை அத்தோடு சரி.

மொன்னைக் கத்தி பாதுகாப்பானது என்று நினைத்துப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கூர் இல்லாத இடத்தில் பலம் போட வேண்டியிருக்கிறது. பலம் போட்ட கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. கண்ணுக்கும் அது நல்லதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா வைத்து வெங்காயம் நறுக்கிப் பார்த்தார்கள். 2025-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மொன்னை அலகு வெங்காயத்தின் மேல்தோலை உடனே கிழிப்பதில்லை, முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தோல் கிழியும் கணத்தில் சாறு அதிகத் துளிகளாக, அதிக வேகத்தில் பீறிடுகிறது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் அரிகிறவர் மூக்கை உறிஞ்சுவதற்கு வெங்காயத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, எதில் தீட்டுவது?

வாசற்படி, துவைக்கிற கல், அம்மியின் ஓரம் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைகண்ட வழிகள். அவற்றில் தேய்த்தால் கூர் வராமலில்லை. ஆனால் அந்தக் கற்களில் மணி ஒரே அளவாக இருக்காது. பெரிய மணி பட்ட இடத்தில் விளிம்பு ஆழமாகக் கீறிக்கொள்ளும். இரண்டு நாள் நன்றாக வெட்டிவிட்டு மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. அவசரத்துக்கு இதைவிட நல்லது பீங்கான் ஊறுகாய் ஜாடி. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரவென்று இருக்கும். சுட்ட பீங்கான் கத்தி உருக்கைவிடக் கடினம், மணியும் பொடிசு. காபி கோப்பையின் அடியும் இதே வேலையைச் செய்யும்.

கறிக்கடையில் கத்தியை 'சரக் சரக்' என்று ஒரு கம்பியில் இழுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் அதுபோல ஒன்று வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர். அந்த உருக்குக் கம்பி தீட்டுவதற்கானது அல்ல. வெட்டும்போது ஒரு பக்கமாக மடிந்துபோகும் விளிம்பை நிமிர்த்திவிடுவதுதான் அதன் வேலை. கூர் இருக்கிற கத்திக்கு அது உதவும். கூரே இல்லாத கத்தியில் நிமிர்த்த என்ன இருக்கிறது?

கத்தி செட்டோடு இலவசமாக வந்து சேரும் ஷார்ப்பனர்தான் இன்று பல வீடுகளில் குடியிருக்கிறது. 'வி' வடிவப் பள்ளத்தில் கத்தியை வைத்து நாலு இழுப்பு இழுக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் முதல் பள்ளத்துக்குள் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கின்றன. அவை கத்தியைச் சுரண்டுகின்றன. கீழே வெள்ளைத் துணி விரித்து இழுத்துப் பார்த்தால், சுருள் சுருளாக உருக்குச் சீவல் விழுவது தெரியும். கத்தி அகலம் குறைந்துகொண்டே வரும், விளிம்பு பிய்ந்த நாராக நிற்கும். காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறவருக்குக் கல், தண்ணீர், கோணம் என்று வகுப்பெடுக்காதீர்கள், இழுத்தோமா வெட்டினோமா என்று இருக்கட்டும் என்பார்கள். விலை மலிந்த கத்திக்கு அந்த நியாயம் செல்லும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் மிஞ்சுவது சாணைக்கல். வேறு எதைச் சிபாரிசு செய்தாலும் அது சுற்றுவழிதான்.

ஹார்டுவேர் கடையில் 'கார்போரண்டம் கல்' என்று கேட்டால் தச்சர்கள் வாங்கும் இருபக்கக் கல்லை எடுத்துப் போடுவார்கள். கடைக்காரர் மொழியில் ஒரு பக்கம் ரஃப், மறுபக்கம் நைஸ். சிலிக்கன் கார்பைடு என்ற பொருள் அது. 1891-ல் அமெரிக்காவின் எட்வர்டு அச்சசன் செயற்கை வைரம் செய்யப் போய், வைரத்துக்குப் பதில் இதைக் கண்டுபிடித்தார். சமையல் கத்திக்கு அந்தக் கல்லின் நைஸ் பக்கம் ஓரளவு போதும். கூடுதலாகச் சில நூறு ரூபாய் செலவழிக்க முடிந்தால் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று எண் போட்ட கல் மேல். எண் ஏற ஏற மணி பொடியாகும். இதற்குமேல் 3000, 6000 என்றெல்லாம் போவது பொழுதுபோக்கு, முருங்கைக்காய்க்கு வேண்டியதில்லை.

எண் போட்ட கல் தண்ணீர் ஊறும் வகை என்றால் குமிழி வருவது நிற்கும்வரை ஊறப்போட வேண்டும். கார்போரண்டம் கல்லுக்கும் அடுக்களையில் தண்ணீரே நல்லது. தச்சர்கள் மெஷின் ஆயில் விடுவதைப் பார்த்து, வீட்டில் கடலை எண்ணெயை ஊற்றினால் அது நாளடைவில் பிசுக்காக இறுகிக் கல்லின் கண்களை அடைத்துவிடும். ஈரத்துணியை மடித்துக் கல்லுக்கு அடியில் வைத்தால் வழுக்காது.

தடுக்கி விழுகிற இடம் கோணம்தான். சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி என்பார்கள். அதை எப்படி அளப்பது? காய் நறுக்கும் சின்னக் கத்தியின் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர் இருக்கும். அதன் விளிம்பைக் கல்லில் வைத்து முதுகை 7 மில்லிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி வந்துவிடும். 7 மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் கனம். 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய கத்தி என்றால் இரண்டு பென்சில். ஆரம்பத்தில் ஒருமுறை பென்சிலை வைத்துக் கோணத்தைக் கைக்குப் பழக்கிவிட்டு எடுத்துவிடலாம். கோணம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் குடிமுழுகிப்போகாது. இழுப்புக்கு இழுப்பு மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஒரே பக்கத்தைப் பிடியை ஒட்டிய இடத்தில் இருந்து நுனிவரை தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்பை நோக்கி, வெளியே போகும்படி, மெல்லத் தடவினால் நகத்தில் சுருக்கென்று மாட்டும். இந்தப் பக்கம் தேய்த்தது போதும் என்பதற்கு அதுவே அடையாளம். நீளம் முழுக்க அது எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். வீட்டில் தீட்டுகிறவர்கள் தோற்பது இங்கேதான்: பிசிறு எழும் முன்பே 'போதும்' என்று கத்தியைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் நைஸ் பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பழைய பெல்ட்டின் தோலில் பின்னோக்கி இழுத்தால் மிச்சமும் போகும். கழுவித் துடைத்துவிட்டுத் தக்காளியின் மேல் கத்தியைச் சும்மா வைத்து இழுத்துப் பார்க்கலாம். தோலில் தானாக இறங்கினால் வேலை முடிந்தது.

இவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய கத்தியை அடுத்த நிமிடம் எங்கே வைத்து வெட்டுகிறோம் என்பதுதான் உண்மையான தலைவலி. தீட்டுவது பற்றி வீடியோ வீடியோவாகப் பார்க்கிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

கொத்தமல்லிக் கட்டை அப்படியே கிரானைட் மேடையில் வைத்து 'டக் டக்' என்று நறுக்குவது சகஜமாகிவிட்டது. மேடையில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று பெருமை வேறு. கல்லில் கீறல் விழவில்லை என்றால் தேய்ந்தது யார்? கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. சாம்பல், சிவப்பு கிரானைட்டில் மின்னும் குவார்ட்ஸ் 7. கருப்பு ரகத்தில் குவார்ட்ஸ் குறைவு, ஆனாலும் அதில் உள்ளவை 6-ஐ ஒட்டி நிற்கும். கத்தி உருக்கு சுமார் 5.5 முதல் 6.5. மோதினால் யார் தோற்பார் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. பரிசுப்பொருளாகக் கைமாறிக்கொண்டே இருக்கும் கண்ணாடி கட்டிங் போர்டும் 5.5 அருகில்தான். கழுவ வசதி, பார்க்க அழகு, கத்திக்கு எமன்.

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதில் வைத்து அறுப்பது இன்னொரு வழக்கம். தட்டின் உருக்கு கத்தியின் உருக்கைவிட மென்மையானது என்பதால் அதன் முதுகெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்திருக்கும். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு ஆய்வு இங்கே நினைவுக்கு வர வேண்டும். பிளேடின் உருக்கைவிட 50 மடங்கு மென்மையான மனித முடி, சவரம் செய்யும்போது பிளேடின் விளிம்பைப் பெயர்த்துவிடுவதை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்தார்கள். முடிக்கே விளிம்பு பெயரும் என்றால் தட்டுக்குத் தாங்குமா?

அரிவாள்மனை இருந்த காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அலகு மேலே பார்த்து நிற்கும். காய்தான் அதனிடம் போகும். நறுக்கியது கீழே தட்டில் விழும். காயைத் தவிர வேறு எதுவும் விளிம்பில் படாது. குனிந்து உட்கார முடியவில்லை, குழந்தை தவழ்கிற வீட்டில் பயம் என்பதெல்லாம் சரியான காரணங்கள். ஆனால் அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டு மேடைக்கு முன் நின்று சமைக்கத் தொடங்கியபோது, கத்தியை வாங்கினோமே தவிர, கத்திக்கு வேண்டிய பலகையை வாங்கவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்து மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள் கட்டிங் போர்டு மட்டும் எதற்கோ இலவசமாக வந்ததை வைத்துக்கொள்கிறார்கள்.

கறிக்கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. நாளெல்லாம் எலும்போடு மல்லுக்கட்டும் கத்திக்கு அவர்கள் வைத்திருப்பது புளியமரக் கட்டை. வலுவான மரம், சிராய் பெயர்வது குறைவு. ஓங்கிப் போடும் வெட்டைக் கட்டை வாங்கிக்கொள்கிறது. தேய்வது கட்டை, கத்தி அல்ல. தேய்ந்த கட்டை மாற்றப்படும். வீட்டுக்கும் அதே கணக்குதான்: தேய்கிற பலகையே நல்ல பலகை. தேக்கு, வேம்பு, புளி எதுவானாலும் இரண்டு விரல் கனத்தில் ஆசாரியிடம் சொல்லி இழைத்து வாங்கலாம். பிளாஸ்டிக் பலகையும் கத்திக்குப் பகையில்லை.

மரத்தில் கிருமி தங்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் டீன் கிளைவர் 1990-களில் இதைச் சோதித்தார். மரத்துக்குள் உறிஞ்சப்பட்ட பாக்டீரியாக்கள் அங்கே பெருகாமல் மெல்ல மடிந்துபோயின. கத்தி கீறிய பழைய பிளாஸ்டிக்கில்தான் கழுவிய பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தன. எப்படியும் மீனுக்கும் கோழிக்கும் ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கழுவியதும் படுக்கவைக்காமல் நிமிர்த்திச் சாய்த்து உலர்த்தினால் மரம் வளையாது.

வெட்டியதை வழித்து வாணலியில் தள்ளும்போது கூர் விளிம்பாலேயே பலகையைச் சுரண்டுவதும் தவறு. கத்தியைத் திருப்பி முதுகால் தள்ள வேண்டும். அப்புறம் சிங்க். கரண்டி, குக்கர் மூடியோடு கத்தியையும் போட்டு ஊறவைத்தால் அவை மோதிக்கொள்ளும், துலக்க வருகிறவர் கையும் கிழியும். தனியாகக் கழுவித் துடைத்து எடுத்து வைப்பதற்கு அரை நிமிடம்.

வீட்டில் தீட்ட முடியாதவையும் உண்டு. பல் வைத்த ரொட்டிக் கத்திக்குத் தட்டைக் கல் உதவாது, பீங்கான் கத்திக்கு வைரத்தூள் தகடு வேண்டும். கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி, பரணிலிருந்து இறங்கும் அரிவாள்மனை ஆகியவை தெருவில் "சாணை பிடிக்கிறதேய்" என்று குரல் கொடுத்து வருகிறவருக்கு உரியவை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துச் சக்கரம் சுழற்றுகிறவர் கையில் நிதானம் இருக்கும். மோட்டார் வைத்த சாணை என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொறி பறக்கப் பறக்க ஒரே இடத்தில் பிடித்தால் விளிம்பு சூடேறும். நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது என்று பொருள். நடுநடுவே தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொன்னால் செய்வார்கள். வாளியில் தண்ணீரை நாமே கொண்டுபோய் வைத்துவிடுவது உத்தமம்.