ஓவர்லாக்கும் ஒரு இஞ்சுத் துணியும்



நீங்கள் போட்டிருக்கும் யூனிபார்மின் உள்பக்கத்தை வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பாருங்கள். துணி ஓரத்தில் சடை பின்னியது மாதிரி நூல் சுற்றியிருக்கும். அதுதான் ஓவர்லாக். நம்ம திருப்பூரில் இந்தப் பேரைக் கேட்காதவர் கிடையாது. "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை" என்ற போர்டைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். ஆனால் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டால் முழிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தப்பு செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வீட்டில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று உண்டு. எனக்கும் தங்கச்சிக்கும் எல்லாத் துணியும் அதில்தான் தைப்பார். போன வருடம் பழைய மூன்று நூல் ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாதாரண மெஷினில் மேலே ஊசி நூல், கீழே பாபின் நூல். இரண்டும் துணிக்கு நடுவில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். தையல் உறுதியாக இருக்கும், ஆனால் நீளாது. பனியன் துணியை அதில் தைத்து, கழுத்தை இழுத்துத் தலையை நுழைத்தால் 'டப்' என்று நூல் அறுந்துவிடும். வெட்டின ஓரமும் நாலு துவைப்பில் பிசிறு பிசிறாகப் பிரியும்.

ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. ஊசிக்குப் பக்கத்தில் மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்று வளைந்த இரண்டு கொக்கிகள் இருக்கும். ஊசி துணிக்குள் இறங்கும்போது லூப்பர் நூல்கள் ஓரத்தைச் சுற்றிப் பின்னிவிடும். வளையம் வளையமாக இருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஊசிக்கு முன்னால் ஒரு கத்தியும் உண்டு. தையல் விழும் முன்பே ஓரத்தைச் சமமாக நறுக்கிவிடும். கம்பெனி மெஷின் ஒரு நிமிடத்தில் 6000 தையல்கூடப் போடும். முதல் ஓவர்லாக் மெஷினை 1881-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெர்ரோ கம்பெனியார் செய்தார்களாம்.

அந்தக் கத்தியில்தான் நான் மாட்டினேன்.

தங்கச்சியின் யூனிபார்ம் டாப்ஸை அம்மா பக்கவாட்டில் தைத்து வைத்துவிட்டு ஓவர்டைமுக்குப் போயிருந்தார். உதவி செய்யலாமே என்று நான் ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன். தையலை ஒட்டியே சர்ரென்று ஓட்டினேன். இரண்டே நிமிடம். கீழே நாடா மாதிரி நீளமாகத் துணி விழுந்து கிடந்தது. வேஸ்ட்தானே என்று கூட்டிக் குப்பையில் போட்டேன்.

ராத்திரி வந்த அம்மா டாப்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, உள்ள ஒரு இஞ்சு விட்டிருந்தேனே, எங்க?"

"கத்தி வெட்டிருச்சும்மா. வேஸ்ட்டுதானே?"

அம்மா திட்டவில்லை. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "அது வேஸ்ட் இல்ல கண்ணு. அவளுக்கு அடுத்த வருசத்து யூனிபார்ம் அது" என்றார்.

அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பக்கத்துக்கு முன்துணி, பின்துணி என்று இரண்டு இஞ்சு. இரண்டு பக்கமும் சேர்த்தால் நாலு இஞ்சு. புதுத் தையலுக்கு ஒரு இஞ்சு போனாலும், பழைய தையலைப் பிரித்துச் சுற்றளவை மூன்று இஞ்சு பெரிதாக்கலாம். கம்பெனியில் டி-ஷர்ட்டை இணைப்பதும் வெட்டுவதும் ஓரம் சுற்றுவதும் ஒரே ஓட்டம். அதை யாரும் பிரித்துப் பெரிதாக்கப் போவதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தைக்கும்போது அப்படிச் செய்யக் கூடாது.

அம்மா சொல்லித் தந்தவை:

1. ஒவ்வொரு துண்டின் ஓரத்துக்கும் தனித்தனியாக ஓவர்லாக் போடுங்கள். கத்தி பிசிறை மட்டும் வெட்டினால் போதும். பிறகு ஒரு இஞ்சு உள்ளே தள்ளிச் சாதாரண மெஷினில் இணையுங்கள்.

2. குண்டூசியைக் கத்திக்கு வரும் முன்பே எடுத்துவிடுங்கள். கத்தி போய்விடும். ஊசி உடைந்து கண்ணிலும் தெறிக்கலாம்.

3. நூல் மாற்ற வேண்டுமா? பழைய நூலை வெட்டி, புது நூலை அதோடு முடிச்சுப் போட்டு மெதுவாக இழுங்கள். ஊசிக்கு மட்டும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோருங்கள்.

4. முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பாருங்கள். லூப்பர் நூல் இரண்டும் சரியாக ஓரத்தில் சந்திக்க வேண்டும்.

5. அடியில் வேறு துணி மடிந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். கத்திக்குத் தெரியாது.

ஓவர்லாக் இல்லாதவர்கள் ஓரத்தை உள்ளே மடித்து இன்னொரு தையல் போட்டாலும் பிசிறு வராது.

இந்த ஜூனில் தங்கச்சிக்கு அந்த டாப்ஸ் பிடித்துவிட்டது. மிச்சத் துணியில் இரண்டு விரல் அகலப் பட்டி வெட்டி, அம்மா இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்தார். டாப்ஸ் வெளுத்துவிட்டது. பட்டி மட்டும் புது நிறம். "யாருக்கும் தெரியலண்ணா" என்கிறாள் தங்கச்சி. தினமும் காலையில் அவள் கையைத் தூக்கிப் பையை மாட்டும்போது எனக்குத் தெரிகிறது.

இப்போது தரையில் விழும் துணியை, அம்மாவிடம் கேட்காமல் நான் கூட்டுவதில்லை.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு