பாலைவன றோசாவும் நீரின் பருவமும்

நமது வீட்டு முற்றங்களில் அண்மைக் காலத்திற் பெருகியுள்ள அலங்காரத் தாவரங்களுள் ‘பாலைவன றோசா’ எனப்படும் அடீனியமும் ஒன்றாகும். இது றோசாவும் அன்று. பாலைவனத்துக்கே உரியதும் அன்று. ஆபிரிக்காவின் சாகேல் பிரதேசம் முதல் அராபியத் தீபகற்பத்தின் தென்பகுதி வரை, மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் பாறை நிலங்களிலும் புல்வெளிகளிலும் இது வளர்கின்றது. லினேயசின் மாணவரான பீற்றர் போர்ஸ்கால் இதனை அலரிச் சாதியுள் அடக்கினார். அவர் 1763 இல் யேமனில் மலேரியாவுக்குப் பலியானார். அவரது குறிப்புகள் 1775 இலேயே அச்சேறின. இது தனிச் சாதியாக வகுக்கப்பட்டது 1819 இலாகும்.

எனினும், இதன் தமிழ்ப் பெயர் தற்செயலாகவே ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. நம் மரபிற் பாலை என்பது மணற்பரப்பு அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் கூறும். அவ்வாறாயின், பாலை ஓர் இடம் என்பதிலும் பார்க்க ஒரு பருவம் எனலே பொருந்தும். அடீனியம் அத்தகைய பருவத்தின் தாவரம். மழைக்காலத்து நீரைப் பருத்த அடித்தண்டிற் சேமித்து, வறண்ட காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்திருப்பது அதன் வாழ்க்கைமுறை.

‘வறட்சியைத் தாங்கும்’ என்பதை ‘நீரே வேண்டாம்’ எனக் கொள்வோரும் உளர். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றுவோரும் உளர். செடியைக் கொல்வோர் பெரும்பாலும் பின்னவரே. வெப்பமான மாதங்களிற் புதுத் தளிர் விடும்போது, மேல்மண் விரலளவு ஆழத்துக்குக் காய்ந்ததும் நன்கு நனைய ஊற்றவேண்டும். வளர்ச்சி நின்று இலைகள் உதிருமாயின் நீரைக் குறைத்தல் வேண்டும். வடபகுதியிலோ சிக்கல் தலைகீழானது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே இங்கு இதற்குப் பகை. அம்மாதங்களிற் சாடியை மழை படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றுதல் நன்று.

மண் கலவையிற் பருமணலும் செங்கற் துண்டுகளும் மிகுந்திருத்தல் வேண்டும். சாடியின் அடித்துவாரம் அடைபடலாகாது. அடித்தண்டை அழுத்தும்போது மெதுமெதுப்பாயின் அழுகல் தொடங்கிவிட்டதென அறியலாம். உடனே சாடியிலிருந்து எடுத்து, அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டிச் சில நாள் நிழலில் உலர்த்திப் புதுமண்ணில் நடின் பிழைக்க இடமுண்டு.

விற்பனையாளர் பருத்த அடியுள்ள செடிகளுக்கு உயர்ந்த விலை சொல்வர். வசதியற்றோர் அதற்கு ஏங்க வேண்டியதில்லை. புதிய விதைகள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். நாளடைவில் அடியும் தானே பருக்கும். தண்டை நட்டு வளர்த்த செடியில் அவ்வடிவம் எளிதில் வாய்ப்பதில்லை. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படாதவிடத்துப் பூவை எதிர்பார்ப்பது வீண்.

இது அலரிக் குடும்பத்தது. அக்குடும்பத்தின் நஞ்சை நம் பிரதேசத்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆபிரிக்க வேடர் இதன் சாற்றை அம்புமுனையில் தடவியமை பதிவாகியுள்ளது. ஆகவே, கிளை வெட்டிய பின் கத்தியையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்திற் சாடியை வைத்தலும் அவசியமாகும்.