ஆடிப்பெருக்கும் பிள்ளைகளின் சப்பரமும்

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் காவிரி பாயும் தஞ்சைத் தரணிக்குத் தனிச் சிறப்புடையது. திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை, மயிலாடுதுறையில் துலாக் கட்டம் என எங்கும் சுமங்கலிகள் காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு, காப்பரிசி ஆகியவற்றை வைத்துக் காவிரி அன்னையை வழிபடுவர். அன்று தெருவெங்கும் கடகடவென ஒலி எழுப்பி ஆற்றங்கரை நோக்கி உருண்டு வருவது பிள்ளைகளின் சப்பரம்.

சப்பரம் என்பது சிறுவர்களின் தேர். தச்சர் செய்து தரும் மரப்பலகை, அதன் அடியில் மரச்சக்கரங்கள், முன்னால் இழுப்பதற்கு ஒரு கயிறு, இவ்வளவுதான். பிறகு வீட்டில் வேலை தொடங்கும். பலகைக்குக் காவியோ பச்சையோ வண்ணம் பூச வேண்டும். மூங்கில் குச்சிகளை நட்டு, மைதாப் பசை காய்ச்சி, வண்ணக் காகிதங்களை ஒட்ட வேண்டும். ஓரங்களில் ஜிகினா மினுங்கும். நடுவில் பிள்ளையாரோ முருகனோ அம்பிகையோ படமாக எழுந்தருள்வர். கதம்பச் சரம் சூட்டி, கற்பூரம் காட்டிய பின்னரே வடம் பிடிப்பார்கள்.

இதை விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. திருவாரூர் ஆழித்தேரின் மரப்பகுதி சுமார் 30 அடி உயரம்தான். மூங்கிலும் சீலையும் கொண்டு அலங்கரித்த பிறகே அது 96 அடியாக உயர்ந்து நிற்கிறது. கீழே உறுதியான மரம், மேலே மூங்கிலும் அலங்காரமும், முன்னே பலரும் சேர்ந்து இழுக்கும் வடம். இம்மூன்றும் பிள்ளையின் சப்பரத்திலும் உண்டு. தேர்த்திருவிழாவின் முதல் பாடத்தைக் குழந்தை கற்பது வீட்டுத் திண்ணையில்தான்.

காவிரி எல்லா ஆண்டும் பெருகி வருவதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். 2017-இல் அது அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆடிப்பெருக்கன்று ஆறு மணலாகக் கிடக்க, ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு வழிபட்டவர்கள் உண்டு. மழை பெய்தது; நீர் திரும்பி வந்தது. ஆனால் பெரியவர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு வரும் பழக்கம் ஒருமுறை அறுந்தால், எந்த மதகைத் திறந்தும் அதை மீட்க முடியாது.

இன்று தயாராக ஒட்டி முடித்த சப்பரத்தையே கடையில் வாங்கிவிடலாம். அதை இழுக்கும் குழந்தைக்கு ஓட்டத்தின் மகிழ்ச்சி கிடைக்கும். ஒட்டியதன் நிறைவு கிடைக்காது. வெறும் பலகையை வாங்கி வந்து, பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, காகிதம் வெட்டத் தாத்தாவும் பசை காய்ச்சப் பாட்டியும் முன்வந்தால் போதும். கோணலாக ஒட்டினாலும் அது அவர்கள் கட்டிய தேர்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நெகிழியால் ஆன ஜிகினாத் துகள் நீரில் கரையாது. அதைத் தவிர்த்து, காகிதமும் பூவும் மாவிலையும் கொண்டு அலங்கரிக்கலாம். பூஜைக்குப் பின் சப்பரத்தை ஆற்றில் விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் வைத்தால், அடுத்த ஆடிக்கும் அதே பலகை உதவும். அன்னையைக் கும்பிடச் செல்பவர்கள் அவள் மடியில் குப்பையைப் போடலாகாது.

ஆடி பிறந்ததும் பரணில் தேடிப் பாருங்கள். பழைய சப்பரப் பலகை ஒன்று கிடைத்தால், அதன் சக்கரத்துக்கு எண்ணெய் இட்டுப் பேரக்குழந்தையின் கையில் கயிற்றைக் கொடுங்கள். காவிரி அன்னை மகிழ்வாள்.