மயில் திருப்பித் தராத சட்டை! மாத்தளைப் பறவைகள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

மயிலின் தோகை மயிலுக்குச் சொந்தமே இல்லையாம், தெரியுமா? கடன் வாங்கியதாம்! வாங்கிப் போனது போனதுதானாம்!

கடன் கொடுத்த ஏமாளி யார்? சிங்களக் கிராமங்களில் ‘அவிச்சியா’ என்று சொல்லும் ஒரு குட்டிப் பறவை. தமிழில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். விடியற்காலையும் அந்தி சாயும் நேரமும் தவறாமல் கத்துவதால் அந்தப் பெயர்! ஆடப் போவதாகச் சொல்லி மயில் அதன் அழகான உடையை இரவல் கேட்டதாம். நம்பிக் கொடுத்ததாம் குருவி. அன்றிலிருந்து, “அடுத்த புத்தர் பிறக்கட்டும், அவரிடமே முறையிடுகிறேன்!” என்று புலம்பிக்கொண்டே திரிகிறதாம்!

சரி, பறிகொடுத்த பிறகு அதனிடம் மிச்சம் இருப்பது என்ன? முதுகில் பச்சை! சிறகில் பளிச்சென்ற நீலம்! வாலடியில் சிவப்பு! கண்ணோரம் கறுப்பும் வெள்ளையும்! இந்திக்காரர்கள் அதை ‘நவரங்’, அதாவது ஒன்பது நிறம் என்கிறார்கள். மிச்சமே இவ்வளவு என்றால், முதலில் எவ்வளவு இருந்திருக்கும்?

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்தக் குருவியின் எடை ஒரு கோழிமுட்டை அளவுதான்! நீளம் 19 சென்ரிமீற்றர்! வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்! இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இமயமலை அடிவாரத்திலிருந்து 2,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து இலங்கைக்கு வருகிறது! அதுவும் இரவில்! செப்டம்பர், ஒக்டோபரில் வந்து இறங்கும். களைத்துப்போன சில பறவைகள் வீட்டு விறாந்தையிலேயே தொப்பென்று விழுவதும் உண்டு! ஏப்ரல் வாக்கில் திரும்பவும் வடக்கே பயணம்!

மயில் மீது போட்ட வழக்கு என்ன ஆயிற்று? விஞ்ஞானம் அதை வேடிக்கையாக்கிவிட்டது! மயிலிறகில் நீலச் சாயமே கிடையாது, தெரியுமா? உள்ளே இருப்பது வெறும் பழுப்பு நிறமிதான்! இறகின் மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் நீலமும் பச்சையும் தோன்றுகின்றன. நாம் தோகை என்று வியப்பது உண்மையான வாலும் இல்லை! வாலுக்கு மேலே முளைத்து நீண்ட இறகுகள் அவை. 150க்கு மேல் இருக்கும்! ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அத்தனையும் உதிர்ந்துவிடும்! தம்புள்ளை, சிகிரியாப் பக்கம் போனால் தோகை இழந்த மொட்டை மயில்களையும் தேடிப் பாருங்கள். இரவல் உடை என்றால் இப்படி வருடா வருடம் புதிதாக முளைக்குமா?

வானம் இடிந்து விழுந்தால் யார் தாங்குவது? ஆட்காட்டிக் குருவி! வயலோரம், குளக்கரையில் யாரைக் கண்டாலும் ஊரைக் கூட்டுமே, அதேதான்! இரவில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்குமாம். வானம் விழுந்தால் குஞ்சுகளை நசுக்கிவிடக் கூடாதே! இந்தியாவிலும் இதே கதையைச் சொல்கிறார்கள்.

உண்மையில் அதன் கவலை வானம் அல்ல, வெயில்! கூடு என்று எதுவும் கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. பெரும்பாலும் நான்கு முட்டைகள். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது! கொளுத்தும் வெயிலில் முட்டை வெந்துவிடாதா? அதற்கும் வழி வைத்திருக்கிறது! தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, முட்டைகள் மேல் ஈரத்தோடு உட்கார்ந்துவிடும்! வானத்தைத் தாங்குவதைவிட இது பெரிய வித்தை என்பேன் நான்!

தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத மனிதர், அடுத்த பிறவியில் என்னவாகப் பிறப்பார் தெரியுமா? இருவாய்ச்சியாக! அந்தப் பறவையால் மழைத்துளியை அண்ணாந்து குடிக்க மட்டுமே முடியுமாம்! கதை கட்டியவர்கள் காட்டை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். இருவாய்ச்சி தனக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியைப் பழங்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது! வஸ்கமுவக் காட்டில் இருக்கும் மலபார் இருவாய்ச்சியின் குடும்பக் கதை இன்னும் விசித்திரம்! தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துத் தன்னைத் தானே சிறை வைத்துக்கொள்ளும்! ஒரு சிறிய இடுக்கு மட்டும் மிஞ்சும். வாரக்கணக்கில் அந்த இடுக்கு வழியே பழம் ஊட்டுவது அப்பா! அவர் ஒரு நாள் வராவிட்டால்? உள்ளே எல்லாருக்கும் பட்டினிதான்!

சிகிரியாவில் 1,200 படி ஏற உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அங்கே ஷாஹீன் வல்லூறு பறப்பதைப் பார்க்கலாம். உலகிலேயே வேகமான பறவை இனம்! இரையைக் கண்டு பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும்! குன்றோ சுமார் 180 மீற்றர் உயரம். அந்த வேகத்தில் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு வர இரண்டு செக்கன் சொச்சம் போதும்!

இருட்டுக் குகைக்குள் வெளவால் மட்டும்தான் காதால் வழி கண்டுபிடிக்கும் என்று நினைத்தீர்களா? இல்லை! இலங்கையின் குகைகளில் கூடு கட்டும் ஒருவகை உழவாரன் குருவியும் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டே பறக்கும்! கூட்டை ஒட்டும் பசை? அதன் சொந்த எச்சில்!

இப்போது கொஞ்சம் பயப்படுவோமா? நடுக்காட்டில், நடுநிசியில், ஒரு பெண் கதறுவது போல ஓர் அலறல்! அதுதான் உலமா, பேய்ப் பறவை! கொடுமைக்காரக் கணவனால் குழந்தையைப் பறிகொடுத்த தாய் காட்டுக்குள் ஓடி, பறவையாக மாறினாள் என்பது கதை. குரல் கேட்டால் கெட்டது நடக்கும் என்று பெரியவர்களே நடுங்குவார்கள்! 2001இல் ஊரார் ஒரு பறவையைக் காட்டி “இதுதான் உலமா” என்றார்கள். பார்த்தால், வயிற்றில் புள்ளிகள் கொண்ட ஒரு பெரிய கொம்பன் ஆந்தை! காட்டுக்கோழி, முயலை எல்லாம் தூக்கிப் போகும் அளவுக்குப் பெரியது! இல்லை, அலறுவது வேறு பறவை என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள். வாதாடட்டும், எனக்கு ஆந்தை மேல்தான் சந்தேகம்!

அதே 2001இல் இன்னொரு அதிசயமும் நடந்தது! நாட்டின் தென்மேற்கு மழைக்காட்டில், அதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு குட்டி ஆந்தையைக் கண்டுபிடித்தார் தீபால் வாரகாகொட. 1868க்குப் பிறகு இலங்கையில் கிடைத்த முதல் புதிய பறவை இனம் அது! 130 ஆண்டுகளுக்கு மேல்!

கடைசியாக ஒரு குட்டிக் கேள்வி. சித்திரைப் புத்தாண்டு வந்தால் மாமரத்தில் கூவுமே குயில், அது ஆணா, பெண்ணா? “பெண்” என்றால் பிழை! ‘குக்கூ’ என்று நீட்டிக் கூவும் கறுப்புக் குயில் ஆண்! புள்ளி போட்ட பழுப்புச் சட்டைக்காரிதான் பெண்! காகத்தின் கூட்டில் களவாக முட்டையிடுவதும் அவள்தான்!

எல்கடுவவோ, உக்குவளையோ, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, இந்த ஒக்டோபரில் விறாந்தையைக் கவனியுங்கள். வண்ணக் குருவி ஒன்று களைத்துக் கிடந்தால் பூனையை விரட்டுங்கள்! காற்றோட்டமான அட்டைப்பெட்டிக்குள் மெதுவாக வைத்து, இருட்டாக, சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெம்பு வந்ததும் தோட்டத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள், தானே போய்விடும்!