முதுமைத் தசையும் குடல் நுண்ணுயிரிகளும்: உடற்பயிற்சி, துணையுணவு ஆகியவற்றின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் தசை மெலிவதைத் தடுக்க உடற்பயிற்சி, புரதத் துணையுணவு, குடல் நுண்ணுயிரிகளை வளர்க்கும் நார்ப்பொருள் ஆகிய மூன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. இம்மூன்றுக்கும் உள்ள சான்றுகள் ஒரே வலுவுடையவை அல்ல. மனிதரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளின் அடிப்படையில் ஒவ்வொன்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தசைமெலிவு, குடல் நுண்ணுயிரிகள், எதிர்ப்புவிசைப் பயிற்சி, புரதம், நார்ச்சத்து.

முன்னுரை

முதுமையில் ஏற்படும் தசை இழப்பிற்குச் ‘சார்கோபீனியா’ என்னும் பெயரை 1989இல் இர்வின் ரோசன்பர்க் வழங்கினார். தசை, குறைவு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு இது. தொடக்கத்தில் தசையின் அளவே கருதப்பட்டது; இன்று வலிமையே முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறையின்படி, கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவிற்கும் பெண்களுக்கு 18 கிலோவிற்கும் குறைவாயின் அது வலிமைக் குறைவாகும். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆவதும் உடலியக்கத் திறன் குறைந்ததன் அடையாளம். பிறர் துணையின்றி எழுந்து நடப்பது, கழிப்பறை செல்வது, விழாமல் படியேறுவது ஆகியவை இவ்வலிமையைச் சார்ந்தவை. எனவே இது தோற்றம் பற்றிய சிக்கலன்று. முதியோரின் தற்சார்பு பற்றிய சிக்கலாகும்.

தசை மெலிவதன் காரணங்கள்

வயது ஏற ஏறத் தசையை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. விரைந்து சுருங்கும் தசைநார்கள் முதலில் சிறுக்கின்றன. உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மங்குகிறது. இளைஞரின் தசை சிறிதளவு புரதத்திற்கே வினையாற்றும். முதியோரின் தசைக்கு அதே விளைவைப் பெறக் கூடுதல் புரதம் வேண்டும். இதனாலேயே 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, முதியோர் நாள்தோறும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 1.0 முதல் 1.2 கிராம் புரதம் கொள்ள வேண்டும் எனப் பரிந்துரைத்தது. உடற்பயிற்சி, மங்கிய அத்திறனை ஓரளவு மீட்கிறது. ஆகவே புரதமும் பயிற்சியும் தனித்தனி மருந்துகள் அல்ல. ஒன்று மற்றொன்றின் பயனை மாற்றுகிறது.

பயிற்சியா, துணையுணவா?

இவ்வினாவிற்கு நேரடி விடை தந்தது, பாஸ்டன் நகரில் ஃபியாட்டரோன் குழுவினர் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 87 ஆன 100 பேர் இதில் பங்கேற்றனர். அவர்கள் பயிற்சி மட்டும், துணையுணவு மட்டும், இரண்டும், இரண்டும் இன்மை என நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். பத்து வாரங்களுக்குப் பின், எதிர்ப்புவிசைப் பயிற்சி செய்தோரின் தசை வலிமை 113 விழுக்காடு உயர்ந்தது. செய்யாதோரிடம் 3 விழுக்காடே உயர்ந்தது. பயிற்சியாளரின் நடைவேகமும் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது. பயிற்சியின்றித் துணையுணவு மட்டும் பெற்றோரின் வலுவின்மை குறையவில்லை.

இம்முடிவின் ஒரு கூறு தனிக் கவனத்திற்குரியது. துணையுணவு பெற்றோருள் பயிற்சியும் செய்தவர்களிடம் மட்டுமே மொத்த உணவாற்றல் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. உடலுழைப்பு இல்லாதபோது, கூடுதலாகத் தரப்படும் ஊட்டம் வழக்கமான உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

குடல் நுண்ணுயிரிகளின் இடம்

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியங்கள் உள்ளன என 2016இல் மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. செரிக்காத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட் குடற்சுவர் அணுக்களின் எரிபொருள். குடற்சுவர் தளர்ந்தால் பாக்டீரிய நச்சுக்கூறுகள் குருதியில் கலந்து மெல்லிய, நீடித்த அழற்சியைத் தூண்டும்; அழற்சி தசைப்புரதச் சிதைவை விரைவுபடுத்தும். குடலையும் தசையையும் இணைப்பதாகக் கருதப்படும் வழி இது.

2019இல் வெளியான ஆய்வொன்றில், நுண்ணுயிரிகளே இன்றி வளர்க்கப்பட்ட எலிகளின் தசைகள் மெலிந்திருந்தன. இயல்பான எலிகளின் குடல் நுண்ணுயிரிகளைச் செலுத்தியபின் அவை தேறின. ஆயினும் எலியில் கண்டதை முதியோர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது.

பயிற்சியும் நுண்ணுயிரிகளும்

அயர்லாந்து ரக்பி வீரர்களின் குடலில் நுண்ணுயிரி வகைமை மிகுதி என 2014இல் கண்டறியப்பட்டது. ஆனால் அவர்கள் புரதமும் மிகுதியாக உண்டனர். பயிற்சியின் விளைவையும் உணவின் விளைவையும் அங்குப் பிரித்தறிய இயலாது. 2018இல் ஆலன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இக்குறையை நீக்க முயன்றது. உடலுழைப்பற்ற 32 பேர் ஆறு வாரங்கள் பயிற்சி செய்தனர். ஒல்லியானோரிடம் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் பெருகின. உடற்பருமன் உடையோரிடம் அவ்வாறு நிகழவில்லை. பயிற்சியை நிறுத்திய ஆறு வாரங்களில் மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்தன. பங்கேற்றோர் முதியோர் அல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நார்ப்பொருள் சேர்ப்பதன் பயன்

இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில் 60 வயது கடந்த 36 இரட்டையர் இணைகள் பங்கேற்றன. அனைவரும் 12 வாரங்கள் எதிர்ப்புவிசைப் பயிற்சி செய்து புரதத் துணையுணவும் உண்டனர். இணையில் ஒருவர் நுண்ணுயிரிகளுக்கு உணவாகும் நார்ப்பொருளையும் மற்றவர் போலிப்பொருளையும் பெற்றனர். நார்ப்பொருள் பெற்றோரின் குடலில் பிஃபிடோபாக்டீரியம் பெருகியது. ஆனால் நாற்காலியிலிருந்து எழும் நேரத்தில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. அறிதிறன் தேர்வில் மட்டும் நார்ப்பொருள் பெற்றோர் மேம்பட்டனர். நுண்ணுயிரிகள் மாறுவது ஒன்று, தசை வலுப்பெறுவது வேறொன்று என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஒரு வரிசை புலனாகிறது. எதிர்ப்புவிசைப் பயிற்சி, 87 வயதிலும் தசை வலிமையைக் கூட்டும் என்பதற்கு மனிதரிடமிருந்தே நேரடிச் சான்று உண்டு. போதிய புரதம் அப்பயிற்சிக்குத் துணைநிற்கும்; அதன் இடத்தை நிரப்பாது. குடல் நுண்ணுயிரிகளின் வழியே தசையை வலுப்படுத்தலாம் என்பது இப்போதைக்குப் பெரும்பாலும் விலங்காய்வுகள் தரும் கருதுகோளே. முதியோர்க்கு ஊட்டப்பொடி வாங்கித் தருவது எளிது. அவர்கள் எழுந்து எடை தூக்கத் துணைநிற்பது அரிது. சான்றுகள் பரிந்துரைப்பதோ அவ்வரிய பணியையே.